கீழ்வாய் இலக்கமும் கணினியும்

தமிழில் எண்ணைச் சொல்லும் முறையிலேயே ஒரு பகுப்பு அமைந்து கிடக்கிறது. ‘இரண்டே கால்’, ‘மூன்றே முக்கால்’, ‘ஒன்றே அரைக்கால்’ என்பன நாள்தோறும் வழங்கும் தொடர்கள். இவற்றில் முன்னே நிற்பது முழு எண். பின்னே நிற்பது பின்னம். இரண்டுக்கும் இடையே நின்று, அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் காட்டுவது ஏகாரம். இலக்கண ஆசிரியர் இதனை எண்ணேகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கணக்காசிரியர் நோக்கில், இக்காலத் தசமப் புள்ளி செய்யும் தொழிலை இவ்வேகாரம் செய்கிறது எனலாம்.

பழந்தமிழ்க் கணக்கர் முழு எண்ணை மேல்வாய் இலக்கம் என்றும், ஒன்றுக்குக் குறைந்ததைக் கீழ்வாய் இலக்கம் என்றும் பிரித்து வழங்கினர். ஓர் எண்ணை இவ்வாறு மேல்வாயும் கீழ்வாயுமாகப் பிரிப்பது சிறு பிள்ளைக்கும் எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் கணினிக்கு அவ்வேலையை ஒப்படைத்தபோது பணம் குறைந்தது. பங்குச் சந்தையின் குறியீடு பாதியாய்ச் சரிந்தது. ஒரு முறை உயிர்ச் சேதமும் நேர்ந்தது. பிரித்தெடுத்த பின்னத்தை எங்கே வைப்பது, யார் கணக்கில் சேர்ப்பது என்னும் வினாவே இவை அனைத்துக்கும் அடியில் இருக்கிறது. அவ்வினாவுக்குத் தமிழ்க் கணக்கர் கண்ட விடை யாது, இன்றைய கணினி வல்லுநர் காணும் விடை யாது என்பதை ஒப்புநோக்குவது பயன் தரும்.

முந்திரியை அலகாகக் கொண்ட கணக்கு

கீழ்வாய் இலக்கத்தின் அடிப்படை அலகு முந்திரி. ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி ஆகும். இரண்டு முந்திரி அரைக்காணி. நான்கு முந்திரி காணி. எட்டு முந்திரி அரைமா. பன்னிரண்டு முந்திரி முக்காணி. பதினாறு முந்திரி மா. இருபது முந்திரி மாகாணி. இதற்கு வீசம் என்றும் பெயர். முப்பத்திரண்டு முந்திரி இருமா; நாற்பது அரைக்கால்; நாற்பத்தெட்டு மும்மா; அறுபத்து நான்கு நாலுமா; எண்பது கால்; நூற்றறுபது அரை; இருநூற்று நாற்பது முக்கால்; முந்நூற்றிருபது ஒன்று.

இவ்வடுக்கினைக் கூர்ந்து நோக்கினால் இதில் இரண்டு குடும்பங்கள் இருப்பது புலப்படும். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன ஒன்றைப் பாதி பாதியாகப் பிளந்து பெற்றவை. தராசில் பொருளை இரு கூறாக்குபவனுக்கும், துணியை மடித்து அளப்பவனுக்கும் இயல்பாக வருவது இம்முறை. மா, இருமா, நாலுமா என்பனவோ ஒன்றை இருபதாக வகுத்துப் பெற்றவை. அவற்றில் ஐந்து என்னும் எண் கலந்திருக்கிறது. விரலை எண்ணிக் கணக்கிடுபவனுக்கு உகந்தது இம்முறை. இவ்விரு குடும்பங்களும் கலக்கும் இடத்தை ஒரு சொல்லே காட்டுகிறது. இருபதில் ஒன்றாகிய மாவும், எண்பதில் ஒன்றாகிய காணியும் சேர்ந்தால் பதினாறில் ஒன்று வரும். மாவும் காணியும் சேர்ந்ததனால் அதற்கு மாகாணி என்று பெயர். பெயரே ஒரு கூட்டல் கணக்காய் அமைந்திருத்தல் காண்க.

320 என்னும் எண்ணைத் தேர்ந்ததன் காரணமும் இதனால் விளங்கும். ஆறு இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கினால் 320 வரும். ஆகவே பாதிக் குடும்பமும் ஐந்தின் குடும்பமும் முந்திரிக் கணக்கில் மீதியின்றி அடங்கும். பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக்கொண்டு திண்டாடாமல், மிகச் சிறிய அலகு ஒன்றை வகுத்து, அதன் எண்ணிக்கையை முழு எண்ணாகக் கொள்வதே இம்முறையின் உட்கருத்து.

முந்திரிக்கும் கீழே போக வேண்டிய இடத்தில் ‘கீழ்’ என்னும் சொல்லைச் சேர்த்தனர். கீழ் என்றால், அதன்பின் வரும் பின்னம் முந்திரியின் பின்னம் என்பது பொருள். கீழ் அரை என்பது முந்திரியில் பாதி. கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320இல் ஒன்று, அதாவது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இம்மி முதலிய பெயர்கள் உண்டு. எண்சுவடி முறைப்படி இம்மி என்பது ஒன்றில் 10,75,200இல் ஒரு பங்கு. ‘இம்மியளவும் பிசகவில்லை’ என்று பேச்சில் சொல்வோர் பலர், தாம் ஒரு கணக்கு அளவைச் சொல்வதை அறியாமலே சொல்கின்றனர்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்னும் மூன்றையும் ஓதி மனப்பாடம் செய்தனர். பொன்னிலக்கத்தில் முந்திரியிலிருந்து தொடங்கும் பின்னங்களும் முழு எண்களும் அடங்கும். நெல்லிலக்கத்தில் முகத்தலளவைகள் அடங்கும். எண்சுவடியில் பெருக்கல் வாய்பாடுகள் அடங்கும். இக்கல்வி நிலம், நெல், கூலி ஆகியவற்றின் அளவையோடு பிணைந்து வளர்ந்த வரலாற்றை ஆய்வாளர் செந்தில் பாபு 2022இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். காரி நாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரமும் இம்மரபைச் சார்ந்த நூலே.

சோழர் நிலக் கணக்கு

இம்முறை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் நிலம் அளக்கப்பட்டு வரி விதிக்கப்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வரி செலுத்த வேண்டிய ஊர்களின் நிலக் கணக்கு காணப்படுகிறது. ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதில் வீட்டு மனை, குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்து, எஞ்சிய நிலத்துக்கு வரி எவ்வளவு என்று கூறுவது அக்கல்வெட்டுகளின் போக்கு. இக்கணக்கு ஒரு வேலியின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரை செல்கிறது என்று கல்வெட்டறிஞர் கணக்கிட்டுள்ளனர். 320ஐ நான்கு முறை அடுக்கிப் பெருக்கி, அதனை ஐந்தால் பெருக்கினால் இவ்வெண் வரும். அஃதாவது, ‘கீழ்’ என்னும் படியில் நான்கு முறை இறங்கி, அங்கே நாலுமா அளவில் நிற்பது இது.

தஞ்சை வட்டாரத்தில் பிற்காலத்து வழக்கில் வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர். அவ்வளவை வைத்து நோக்கினால், மேற்சொன்ன பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே ஆகும். ஒரு நெல்மணி கிடக்கும் இடத்திலும் சிறியது அது. எந்த அளவுகோலாலும் வயலில் அவ்வளவு நுட்பமாக அளக்க இயலாது. பின் ஏன் அதனைக் கல்லில் வெட்டினர்? அளவுகோல் அத்தனை நுட்பமானது என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. மொத்தத்திலிருந்து பகுதிகளைக் கழித்தும் வகுத்தும் வரும்போது கணக்கில் எழுந்த மீதியை எவரும் வெட்டி எறியவில்லை என்பதே இதன் பொருள். கூட்டினால் மொத்தம் மீண்டும் பொருந்த வேண்டும் என்பது கணக்கர் கொண்ட நெறி. மீதியை வெட்டியிருந்தால், அது ஊரார் பக்கம் குறைந்ததா, கோயில் பக்கம் குறைந்ததா என்னும் வழக்கு எழுந்திருக்கும்.

பதினாறிலிருந்து நூற்றுக்கு

இந்தக் கணக்கோடுதான் தமிழர் மலாயாவுக்கு வந்தனர். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886இல் இரயில் ஓடத் தொடங்கியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் பலர் கரையிறங்கியது அங்கேதான். இரயில்வேயைச் சார்ந்து பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் தமிழர் குடியிருப்பு வளர்ந்தது.

வந்தவர்களுக்குத் தெரிந்த நாணயக் கணக்கு பதினாறின் கணக்கு. இந்திய ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆகவே ஓர் அணா என்பது ரூபாயில் வீசம். நாலணா கால், எட்டணா அரை, இரண்டணா அரைக்கால் என்று மீதியின்றிப் பொருந்தும். 1957 ஏப்ரல் 1 முதல் புதிய பைசா வரும் வரை இந்தியாவில் இக்கணக்கு நின்றது. மலாயாவிலோ வெள்ளிக்கு நூறு காசு. கால் வெள்ளி 25 காசு, அரை வெள்ளி 50 காசு என்பதில் தொல்லையில்லை. அரைக்கால் வெள்ளி பன்னிரண்டரைக் காசு. வீசம் ஆறேகால் காசு. பழகிய பின்னங்கள் இங்கே உடைந்து, காசுக்கும் கீழே ஒரு கீழ்வாயை வேண்டி நின்றன. நீரிணைக் குடியேற்றங்களின் நாணயங்களில் அரைக் காசும் கால் காசும் கூட அச்சிடப்பட்டிருந்தமை கருதத்தக்கது.

இதில் ஒரு நயம் உண்டு. வீசம் உடைந்த இடத்தில் மா உடையவில்லை. வெள்ளியில் இருபதில் ஒன்று ஐந்து காசு. ஆகவே ஐந்து காசு என்பது சரியாக ஒரு மா. இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

நிறுத்தலளவை நாணயத்தைப் போலன்றி வேறு வகையில் அமைந்திருந்தது. பதினாறு தாகில் ஒரு காத்தி; நூறு காத்தி ஒரு பிக்குல். ஆகவே தாகில் என்பது காத்தியில் வீசம். காத்தி என்பது பிக்குலில் நூற்றில் ஒன்று. ஒரே தராசில் பதினாறும் நூறும் அடுத்தடுத்து நின்றன. அதனோடு ஆங்கிலேயரின் இராத்தல் கலந்தபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. ஒரு காத்திக்கு ஒன்றும் மூன்றில் ஒன்றும் சேர்ந்த இராத்தல். ஒரு பிக்குலுக்கு 133 இராத்தலும் மூன்றில் ஒன்றும். 1972ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டத்தின் வழியாக மலேசியா மெட்ரிக் முறைக்கு மாறியது.

தோட்டக் கணக்கில் பின்னத்துக்கு வேறு எங்கும் இல்லாத கனம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்றும், பாதி நாளை ‘அரைப்பேர்’ என்றும் பதிவது வழக்கம். ஆளின் பெயரே முழுவதும் பாதியுமாகப் பிரிந்துவிடுவதை அச்சொல் காட்டுகிறது. ரப்பர்ப் பாலின் கணக்கும் அத்தகையது. பாலை நிறுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று கண்டு, இரண்டையும் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 23 கிலோ பாலில் 34 விழுக்காடு ரப்பர் என்று கொண்டால் 7.82 கிலோ வரும். இதனை ஏழு என்று வெட்டி எழுதினால் ஒரு நாளில் 0.82 கிலோ மறைகிறது. இருபத்தைந்து நாளில் மறைவது இருபதரைக் கிலோ. எட்டு என்று எழுதினால் அதே இருபத்தைந்து நாளில் நான்கரைக் கிலோ கூடுகிறது. மேல்வாயை மட்டும் எழுதிக் கீழ்வாயை விடுவது பார்வைக்கு ஒரு சிறு சுருக்கம். மாத முடிவில் அது ஒரு குடும்பத்தின் அரிசி.

கணினி எவ்வாறு பிரிக்கிறது?

இன்று இக்கணக்குகளைப் பேரேட்டில் எழுதுவோர் குறைவு. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள கடைகளில் பொறியே பற்றுச்சீட்டை அச்சிட்டுத் தருகிறது. பொறிக்குள் இருக்கும் நிரல்தான் கணக்கர். அந்நிரல்களின் வரலாற்றில் ‘சி’ என்னும் மொழிக்குச் சிறப்பிடம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி இதனை உருவாக்கினார். 1978இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய நூல் இதனைப் பரப்பியது. 1989இல் அமெரிக்கத் தரம் வகுக்கப்பட்டது.

சி மொழியின் கணித நூலகத்தில் ‘மாட்எஃப்’ என்னும் செயற்கூறு உண்டு. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதன் முழுப் பகுதியை ஓரிடத்தில் வைத்து, பின்னப் பகுதியை விடையாகத் தருவது அதன் வேலை. 3.75ஐக் கொடுத்தால் மூன்றையும் 0.75ஐயும் பிரித்துத் தரும். மேல்வாயும் கீழ்வாயும் பிரிக்கும் வேலைதான் இது.

ஆனால் பிரிக்கும் முன்பே ஒரு பிழை புகுந்துவிடக்கூடும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளால் எழுதுகிறது. மிதப்புப் புள்ளி எண் என்று சொல்லப்படும் வகைக்கு 1985இல் உலகத் தரம் ஒன்று வகுக்கப்பட்டது. அதில் இரட்டைத் துல்லிய எண்ணுக்கு 64 இடங்கள். அரை, கால், அரைக்கால், வீசம் ஆகிய பாதிக் குடும்பம் முழுவதும் அதில் மாசின்றி அடங்கும். மாவும் காணியும் முந்திரியும் அடங்கா. ஏனெனில் அவற்றில் ஐந்து கலந்திருக்கிறது. பத்தில் ஒன்றும் நூற்றில் ஒன்றும் அடங்காமைக்குக் காரணம் இதுவே.

58 காசை எடுத்துக்கொண்டு இரு முறைகளையும் ஒப்பிடலாம். கணினி 0.58ஐ இரண்டால் பெருக்குகிறது, 1.16 வருகிறது. மேல்வாயாகிய ஒன்றை எழுதி, எஞ்சிய 0.16ஐ மீண்டும் இரண்டால் பெருக்குகிறது, 0.32 வருகிறது. மேல்வாய் சுழி. இப்படியே 0.64, 1.28, 0.56, 1.12 என்று சென்றுகொண்டே இருக்கும், முடிவே வராது. ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும். அவ்வாறு நிறுத்துவதால் உள்ளே இருக்கும் எண் 0.58ஐ விட மிக மிகச் சிறிதளவு குறைந்ததாகிறது.

தமிழ்க் கணக்கர் அதே வேலையை 320ஆல் பெருக்கிச் செய்கிறார். 0.58ஐ 320ஆல் பெருக்கினால் 185.6 வரும். மேல்வாய் 185 முந்திரி. அதில் 160 முந்திரி அரை, 16 முந்திரி மா, 8 முந்திரி அரைமா, எஞ்சியது ஒரு முந்திரி. கீழ்வாயாகிய 0.6 முந்திரியில் பாதி கீழ் அரை. எஞ்சிய பத்தில் ஒன்று கீழ் இருமா. ஆகவே 58 காசு என்பது வெள்ளியில் அரையே மா, அரைமா, முந்திரி, கீழ் அரையே இருமா. மீதி ஒன்றும் இல்லை. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை எந்தக் காசுத் தொகையை எடுத்தாலும், ‘கீழ்’ என்னும் ஒரே படி இறங்கியதும் கணக்கு முடிந்துவிடும். இரண்டு முறைகளிலும் செயல் ஒன்றே. பெருக்கும் எண்தான் வேறு.

கணினிக்குள் குறைந்த அந்தத் துளியால் கேடு வருமா? வரும். சி மொழியில் அவ்வெண்ணை 100ஆல் பெருக்கினால் 58 வராமல் 57.99999999999999 வருகிறது. நிரல் எழுதியவர் இதன் முழுப் பகுதியை மட்டும் எடுத்தால் 57 காசு ஆகிவிடும். மாட்எஃப் மீது குற்றமில்லை; தன்னிடம் கொடுத்ததை அது சரியாகவே பிரித்தது. கொடுக்கப்பட்ட எண் 58 காசு அன்று என்பதே குற்றம்.

வெட்டுதலும் கிட்டிய மதிப்பும்

பின்னத்தை நீக்கப் பல வழிகள் உள. வெறுமனே வெட்டிவிடுவது ஒன்று. கீழேயுள்ள முழு எண்ணுக்கு இறக்குவது ஒன்று. மேலேயுள்ளதற்கு உயர்த்துவது ஒன்று. கிட்டிய முழு எண்ணைக் கொள்வது ஒன்று. சி மொழியில் இறக்குவதற்குத் ‘தரை’ என்றும் உயர்த்துவதற்குக் ‘கூரை’ என்றும் பொருள்படும் பெயர்கள் இட்டிருக்கின்றனர். குறை எண் வரும்போது வெட்டுதலும் இறக்குதலும் வேறுபடும். குறை இரண்டரையை மாட்எஃப் பிரித்தால் குறை இரண்டும் குறை அரையும் கிடைக்கும். தரைக்கு இறக்கினால் குறை மூன்றும் கூட்டு அரையும் ஆகும். இரண்டரைக் கலம் நெல் கடன்பட்டவனை, மூன்று கலம் கடன், அரைக் கலம் வரவு என்று சொல்வாரில்லை. கடன் என்னும் சொல் மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் பொதுவாய் நிற்பது தமிழ் வழக்கு. மாட்எஃப் இவ்வழக்கோடு ஒத்துப்போகிறது.

இவ்வழிகளுள் எதனைத் தேர்வது என்பது சிறு செய்தியன்று. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை 1982 சனவரியில் 1,000 என்ற அளவில் ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான முறை அது புதுக்கிக் கணக்கிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் மூன்று தசம இடத்துக்கு மேற்பட்டதைக் கிட்டிய மதிப்பாகக் கொள்ளாமல் வெட்டிவிட்டனர். 1983 நவம்பரில் குறியீடு ஏறத்தாழ 525க்குச் சரிந்தது. பிழை கண்டு திருத்தியபோது ஏறத்தாழ 1,099 வந்தது. சந்தை வீழவில்லை, ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழ்ப்பட்ட துளிகள் ஒரே பக்கமாக விழுந்து பாதியைத் தின்றுவிட்டன.

இரண்டாவது நிகழ்ச்சி துயரமானது. 1991 பிப்ரவரி 25இல் சவூதி அரேபியாவின் தகரானில் அமெரிக்கப் பேட்ரியட் எதிர்ப்பு ஏவுகணைத் தொகுதி, வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறியது. 28 படைவீரர் மாண்டனர். அத்தொகுதியின் கடிகாரம் வினாடியில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணியது. பத்தில் ஒன்றை இரட்டை எண்ணில் 24 இடத்துக்கு வெட்டியிருந்தனர். தொகுதி நூறு மணி நேரம் நிறுத்தாமல் இயங்கியதால், வெட்டப்பட்ட துளி பெருகி 0.34 வினாடி ஆயிற்று. அந்நேரத்துக்குள் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டது. கீழ் இருமா என்றும் இருமா என்றும் பழந்தமிழ்க் கணக்கர் மாசின்றி எழுதிய அளவு, அங்கே உயிர் குடிக்கும் மீதியாய் நின்றது.

வெள்ளியில் ஒரு மா

மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், பேங்க் நெகாராவின் ஏற்பாட்டின்படி, ரொக்கமாகச் செலுத்தும் பற்றுச்சீட்டின் மொத்தத் தொகை கிட்டிய ஐந்து காசுக்கு மாற்றப்படுகிறது. ஈற்றில் 1, 2 வந்தால் சுழிக்கு இறங்கும். 3, 4 வந்தால் ஐந்துக்கு ஏறும். 6, 7 வந்தால் ஐந்துக்கு இறங்கும். 8, 9 வந்தால் பத்துக்கு ஏறும். ஒவ்வொரு பொருளின் விலையையும் இப்படி மாற்றக் கூடாது. மொத்தத்தை மட்டுமே மாற்ற வேண்டும். இம்முறையில் ஏறுவதும் இறங்குவதும் சமமாக அமைந்திருப்பதால், துளிகள் ஒரே பக்கம் விழுவதில்லை. வான்கூவரில் காணாத நடுவுநிலை இங்கே இருக்கிறது.

ஐந்து காசு என்பது வெள்ளியில் ஒரு மா என்று முன்னர்க் கண்டோர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். இன்று மலேசியக் கடைகளில் ஒவ்வொரு ரொக்கப் பற்றுச்சீட்டும் கிட்டிய மாவுக்கு மாற்றப்படுகிறது. மறந்துவிட்டதாகக் கருதிய அளவு, பெயரில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறது.

மேலே கண்ட 58 காசுக்கு இங்கே வருவோம். 58 காசு 60 ஆக வேண்டும். நிரல் பிழையால் அது 57 ஆகியிருந்தால் 55 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத துளி, முறையாக மாற்றும் விதியின் வாயிலில் நுழைந்து, ஒரு முழு மாவாய் வெளியே வருகிறது. இதற்கு வல்லுநர் கூறும் மருந்து எளியது. பணத்தைப் பின்னமாக வைக்கவே கூடாது. காசின் எண்ணிக்கையை முழு எண்ணாக வைக்க வேண்டும். பன்னிரண்டு வெள்ளி 58 காசை 1258 என்று வைத்து, நூறால் வகுத்தால் ஈவு பன்னிரண்டு வெள்ளி, மீதி 58 காசு. பின்னம் எங்கும் எழுவதில்லை. மிகச் சிறிய அலகை வகுத்து அதை எண்ணுக என்பதே இம்மருந்து. முந்திரிக் கணக்கின் உட்கருத்தும் அதுவே.

விதி எப்பக்கம் சாய வேண்டும் என்பதைச் சட்டமே சொல்லும் இடமும் உண்டு. 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதியில், மாதச் சம்பளம் 20,000 வெள்ளிக்கு மேற்பட்டால், விழுக்காட்டால் கணக்கிட்டு வரும் பங்கில் காசு இருக்குமாயின் அதனை அடுத்த வெள்ளியாக உயர்த்த வேண்டும். அங்கே பின்னம் கூரைக்கு ஏறுகிறது. ஊழியரின் சேமிப்பில் சேர்கிறது. பால் நிறுக்குமிடத்தில் ஏழே முக்காலுக்கு மேற்பட்டதை ஏழு என்று எழுதுவதையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தரையா கூரையா என்பது கணித வினா மட்டும் அன்று என்பது தெளிவாகும்.

ஆசிரியர் கருதத்தக்கவை

இவ்வளவும் கொண்டு, கணினியைத் தமிழர் அன்றே கண்டனர் என்று முழங்குதல் பொருந்தாது. கீழ்வாய் இலக்கத்துக்கும் எல்லை உண்டு. மூன்றில் ஒன்றும் ஏழில் ஒன்றும் முந்திரிக் கணக்கில் எத்தனை படி இறங்கினாலும் முடியா. 133 இராத்தலும் மூன்றில் ஒன்றுமாகிய பிக்குல் தசமத்துக்கும் அடங்காது, கணினிக்கும் அடங்காது, முந்திரிக்கும் அடங்காது. தமிழர் அதனை வேறு வகையில் எதிர்கொண்டனர். நெல் அளவையில் ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலத்தில் மூன்றில் ஒன்று சரியாக ஒரு தூணி, நான்கு மரக்கால். வேலைக்கு ஏற்ற அலகைத் தேர்ந்துகொள்வதே அவர்கள் கையாண்ட வழி. எந்த முறையும் எல்லாப் பின்னத்தையும் தாங்காது. எதைத் தாங்க வேண்டும் என்று முன்கூட்டி அறிந்து அலகை வகுப்பதே கணக்கரின் அறிவு.

தமிழ் எழுத்து கணினிக்குள் புகுந்த வரலாற்றில் கோலாலம்பூருக்குப் பங்குண்டு. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருள் இந்நகரில் வளர்ந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியது. கீழ்வாய்க் குறியீடுகள் கணினிக்குள் இடம்பெற மேலும் காலம் ஆயிற்று. 2019 மார்ச்சில் வெளிவந்த ஒருங்குறியின் 12.0ஆம் பதிப்பில், தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைகளுக்கும் உரிய 51 குறியீடுகள் சேர்க்கப்பட்டன. அவ்வரிசையில் முதலில் நிற்பது முந்திரி. திண்ணைப் பள்ளிப் பிள்ளை ஓதத் தொடங்கிய இடத்திலேயே அந்தப் பட்டியலும் தொடங்குகிறது.

தமிழ்ப் பள்ளிகளில் தசமமும் பின்னமும் கிட்டிய மதிப்பும் மூன்று தனிப் பாடங்களாக நடத்தப்படுகின்றன. ஒரு கடைப் பற்றுச்சீட்டை மாணவர் கையில் கொடுத்து, அதன் ஈற்றிலக்கத்தை நோக்கச் செய்து, ஐந்து காசு ஒரு மா என்று காட்டி, 58 காசை முந்திரியில் எழுதச் செய்தால், அம்மூன்று பாடமும் ஒன்றாய் இணையும். பின்னர்க் கணினி நிரல் கற்கும் வயதில், 57 ஏன் வந்தது என்று அம்மாணவன் வியந்து நிற்கமாட்டான். இரண்டால் பெருக்கினால் முடியாதது 320ஆல் பெருக்கினால் முடியும் என்பதை அவன் முன்பே கையால் செய்து பார்த்திருப்பான். அதனினும் முக்கியமான ஒன்றையும் அவன் கற்றிருப்பான். எந்தத் தொகையைப் பிரித்தாலும், பிரித்த இரு பகுதிகளையும் மீண்டும் கூட்டிப் பார்த்து, விடுபட்டது உண்டா, உண்டெனில் அது யாருடைய கணக்கிலிருந்து விடுபட்டது என்று கேட்க வேண்டும். தஞ்சைக் கல்லில் நிலக் கணக்கு வெட்டியோர் அக்கேள்வியைக் கேட்டதனால்தான் அத்தனை ‘கீழ்’ எழுதினர்.